காலி எடையில் ஓட்டுநர்

இரண்டாவது முறையும் நான் என்னை எழுத மறந்திருந்தேன்.

ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கிறவன் ஒவ்வொரு பறப்புக்கும் முன்னால் ஒரு தாளை நிரப்ப வேண்டும். லோடு ஷீட் என்று பெயர். காலி ஹெலிகாப்டர் ஒரு வரி, பயிற்சியாளர் ஒரு வரி, மாணவன் ஒரு வரி, எரிபொருள் ஒரு வரி. ஒவ்வொன்றும் எவ்வளவு எடை, எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிப் பெருக்கிக் கூட்டினால், மொத்தப் பாரமும் எங்கே குவிகிறது என்பது தெரியும். அந்தப் புள்ளி முன் எல்லைக்கும் பின் எல்லைக்கும் நடுவில் விழுந்தால் பறக்கலாம். வெளியே விழுந்தால் கூடாது. நான்கே வரிதான். ஆனால் எங்கள் பயிற்சியாளர் அச்சடித்த தாள் தரமாட்டார். வெள்ளைத் தாளில் நாங்களே கோடு போட்டு, என்னென்ன வரி வேண்டும் என்று நாங்களே யோசித்து எழுத வேண்டும்.

அவர் ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. ஆங்கிலம்தான் பேசுவார், எனக்குள் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. என் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மொத்த எடை நன்றாகக் குறைந்திருக்கிறது. புள்ளியும் எல்லைக்குள் விழுகிறது. இதை யார் ஓட்டுகிறார்கள்?”

“நான்தான் மேடம்.”

“நீ இதில் எங்கே இருக்கிறாய்?”

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தாளில் காலி ஹெலிகாப்டர் இருந்தது, பயிற்சியாளர் இருந்தார், எரிபொருள் இருந்தது. நான் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் வகுப்பில் செய்த பயிற்சியிலும் இதே தப்புதான். அப்போது கவனக்குறைவு என்று விட்டுவிட்டார். இப்போது விடவில்லை.

எங்கள் பள்ளி வேறு மாநிலத்தில் இருக்கிறது. அங்கிருந்த இரண்டு ஹெலிகாப்டர்களில் ஒன்று பெரிய பரிசோதனைக்குப் போய்விட்டதால் எங்கள் அணியை ஐந்து வாரம் ஊருக்கு அனுப்பினார்கள். கிளம்பும் அன்று அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். திரும்பி வரும்போது தனியாகப் பறக்கப் போகிறவர்களின் பட்டியல் போடப்படும். அதற்கு முன்னால் வீடியோ அழைப்பில் எனக்கு மட்டும் ஒரு வாய்மொழித் தேர்வு. அதிலும் தவறினால் பட்டியலில் என் பெயர் இருக்காது. அடுத்த அணியோடு சேர்ந்துகொள்ளலாம். மற்றவர்களுக்கு அது ஆறு மாதத் தாமதம். எனக்கு அப்படி இல்லை. என் இடம் அரசு உதவித்தொகையில் கிடைத்த இடம். இந்த அணிக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த அணி என்றால் எனக்கு வீடு என்று அர்த்தம்.

வீடு அகரம் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அதுவும் நான் நான்காவது படிக்கும்போது சிலேட்டில் எழுதிக் காட்டியது. காலை நாலரைக்கு எழுந்து அம்மாவோடு அவரைக்காய் பறிப்பேன். மூட்டையை மொபெட்டில் வைத்து அப்பா திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவார். எட்டு மணிக்கு நான் ஒட்டன்சத்திரம் ரோட்டில் இருக்கும் எடை மேடைக்கு வேலைக்குப் போய்விடுவேன். கல்லூரி விடுமுறைகளிலும் அங்கேதான் இருந்தேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். கணினியில் எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். ஊருக்குப் போனால் ஓய்வெடுத்துப் படிக்கலாம் என்று ரயிலில் நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் வாரம் முடிவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிவிட்டேன்.

புத்தகத்தை எடை மேடை அறையில் கணினிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒரு பத்தி படிப்பதற்குள் ஒரு லாரி வரும். சீட்டு அடித்துவிட்டு மறுபடி அதே பத்தியைத் தொடங்குவேன். அடுத்த லாரி வரும். ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

முதல் சொல் டேட்டம். எல்லாத் தூரத்தையும் அளக்கத் தொடங்கும் இடம். எங்கள் ஹெலிகாப்டரில் அது மூக்குக்கும் முன்னால், வெறும் காற்றில் இருக்கிறது. அங்கே ஒன்றுமே கிடையாது. ஒரு சுவர் இருப்பதாக நாமாக நினைத்துக்கொள்ள வேண்டும். இல்லாத இடத்திலிருந்து எதற்கு அளக்க வேண்டும் என்பது எனக்குப் பல நாள் விளங்கவில்லை. ஹெலிகாப்டரின் நடுவிலிருந்து அளந்தால் முன்னால் இருப்பது கழித்தலாகவும் பின்னால் இருப்பது கூட்டலாகவும் வரும். ஒரு குறியை மாற்றிப் போட்டால் போயிற்று. முன்னாலேயே ஒரு கோட்டை வைத்துவிட்டால் எல்லாம் கூட்டல்தான். இதைப் புத்தகம் சொல்லவில்லை. ரோட்டோரத்து மைல்கல்லைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கும்போது தோன்றியது. அந்தக் கல்லில் இருக்கும் எண்ணும் எங்கிருந்தோ எண்ணியதுதானே. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று யார் போய்ப் பார்த்தார்கள்.

அடுத்தது ஆர்ம். அந்தக் கோட்டிலிருந்து ஒரு பொருள் இருக்கும் தூரம். அது பரவாயில்லை. அதற்கடுத்தது மொமென்ட். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது. வகுப்பில் இதைக் கேட்டபோது புதிதாக ஏதோ என்று பயந்திருந்தேன். பத்தாம் வகுப்பில் ஏற்றப் பலகைப் படத்தோடு படித்த திருப்புத்திறன்தான் இது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தமிழில் படித்துத் தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கிய ஒன்றை, ஆங்கிலத்தில் தெரியாது என்று நான்கு மாதம் தலை குனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறேன். அது தெரிந்த அன்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். புத்தகத்தின் மேல் தலையைச் சாய்த்துச் செத்த நேரம் கண்ணை மூடினேன். வெளியே தேங்காய் லாரிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

எரிபொருள் பற்றிய பகுதி எனக்குப் பிடித்தது. எங்கள் ஹெலிகாப்டரில் அதன் டேங்க், மேலே சுற்றும் விசிறியின் தண்டுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது; இருக்கைகள் முன்னால். பறக்கப் பறக்க எரிபொருள் தீரும், பின்பக்கம் இளைக்கும், பாரத்தின் புள்ளி மெதுவாக முன்னால் நகரும். ஆகையால் கிளம்பும்போது ஒரு தடவை கணக்குப் போட்டால் போதாது. இறங்கும்போது எப்படி இருக்கும் என்றும் போட வேண்டும். கனமான இரண்டு பேர் உட்கார்ந்தால் இறங்கும்போது முன் எல்லையைப் பார்க்க வேண்டும். லேசான ஆள் தனியாக உட்கார்ந்தால் கிளம்பும்போது பின் எல்லையைப் பார்க்க வேண்டும். பின்னால் பாரம் கூடினால் வால் தாழ்ந்து மூக்கு மேலே தூக்கும். கையில் இருக்கும் கம்பியை முன்னால் தள்ளிச் சரி செய்ய வேண்டும். அளவுக்கு மேல் போனால், தள்ளித் தள்ளி, ஒரு கட்டத்தில் தள்ள இடமே இருக்காது.

எல்லாம் விளங்கத் தொடங்கியிருந்தது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஏன் இரண்டு முறையும் என்னை விட்டேன்? காலி எடை என்ற சொல்லுக்கான விளக்கத்தை மனப்பாடமாகச் சொல்வேன்: உடற்கூடு, எஞ்சின், நிலையாகப் பொருத்திய கருவிகள், நிறைந்த எண்ணெய், டேங்கின் அடியில் எடுக்க முடியாமல் தங்கும் எரிபொருள். ஓட்டுகிறவன் அதில் இல்லை. தெரியும். தெரிந்தும் தாளில் கை அந்த வரியைத் தாண்டிப் போகிறது. மூன்றாவது முறை போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அது ஒரு மக்காச்சோள லாரியால் விளங்கியது.

காலையில் ஒரு லாரி மக்காச்சோளத்தோடு மேடை ஏறியது. பக்கத்தில் இருக்கும் தீவன ஆலைக்குப் போகும் லோடு. முதலில் லோடோடு எடை. இறக்கிவிட்டு வந்த பிறகு காலி எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. சீட்டு அடித்துக் கொடுத்தேன். மதியம் லாரி காலியாகத் திரும்பி வந்து மேடையில் நின்றது. நான் எண்ணை எடுக்கப் போனேன். எங்கள் முதலாளி, எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிறவர், டவுனில் தோல் வியாபாரமும் செய்கிறவர், அன்றைக்கு மேடையில்தான் இருந்தார். ஜன்னல் வழியாகக் கேபினைப் பார்த்தவர், “தம்பி, நிப்பாட்டு” என்றார்.

பிறகு ஓட்டுநரைப் பார்த்து, “அப்பு, காலையில ரெண்டு பேரு உக்காந்திருந்தீங்க. அந்தம்மா எங்க?”

“அதுவா பாய், வீட்டுக்காரி. கடைக்குப் போயிருக்கா.”

“கூட்டிட்டு வா.”

“வந்துருவா பாய். நீங்க எடையப் போடுங்க, நான் போயி அடுத்த லோடு ஏத்தணும்.”

“நான் எப்படிப் போடுறது? லோடோட ஏத்துறப்ப அந்தம்மா உள்ள. காலி போடுறப்ப அந்தம்மா வெளிய. உம் பொண்டாட்டி எடையையும் சோளக் கணக்குல எழுதச் சொல்றியா? ஆலைக்காரன் நாளைக்கு என் சட்டையப் பிடிப்பான்.”

“அவ என்ன அம்புட்டுக் கனமா பாய்?”

“அத நீயே அந்தம்மாட்ட கேட்டுக்க.”

பின்னால் இரண்டு வண்டிகள் நின்றுவிட்டன. அவற்றின் ஓட்டுநர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். அரை மணி நேரம் கழித்து அந்த அம்மா வெயிலில் நடந்து வந்தார். ஒரு கையில் புதுக் குக்கர் பெட்டி, இன்னொரு கையில் பை.

“என்னங்க, என்னாச்சு? போலீஸா?” என்றார்.

“ஒண்ணுமில்லடி. ஏறி உக்காரு. உன்னய நிறுக்கணுமாம்.”

“இம்புட்டுப் பேரு முன்னாடியா?”

“குக்கர எறக்கி வச்சுட்டு ஏறும்மா” என்றார் பாய். “காலையில அது இல்ல.”

எங்கள் மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. குக்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பாய்க்கும் அது தெரியும். அந்த அம்மா குக்கர் பெட்டியை என் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, “தம்பி, பாத்துக்கப்பா, எவனும் தூக்கிட்டுப் போயிராம” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். நான் எண்ணை எடுத்தேன். சீட்டு அடித்தேன். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

லாரி இறங்கிப் போனதும் திரையில் இருந்த காலி எடையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த எண்ணுக்குள் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் மேடையில் ஓட்டுநர் இறங்குவதே இல்லை. லோடோடும் அவர் உள்ளே. காலியிலும் அவர் உள்ளே. கழிக்கும்போது இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதால் அவர் எடை எத்தனை என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மூன்று வருட விடுமுறையில் எத்தனையோ ஆயிரம் சீட்டு அடித்திருப்பேன். ஒன்றில்கூட ஓட்டுநருக்கு வரி கிடையாது. காலி எடை என்று என் கை எழுதும்போது, ஓட்டுகிறவன் அதற்குள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எதற்கு அவனைத் தனியாக எழுதுவது? மனப்பாடம் செய்த விளக்கம் தலையில் இருந்தது. இது கையில் இருந்தது.

விடை கிடைத்த நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். அசதிதான் வந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா அத்தனை பேர் முன்னால் அப்படி நின்றேன் என்று. மற்ற மாணவர்கள் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். அவர்களில் யாரும் லாரிக்குச் சீட்டு அடித்ததில்லை.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் பயிற்சியாளரிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு தாள் தயார் செய்து முந்தின நாளே படம் எடுத்து அனுப்ப வேண்டும்: அவரோடு சேர்ந்து பறப்பதற்கு ஒன்று, தனியாகப் பறப்பதற்கு ஒன்று. அதற்குக் கீழே ஒரு வரி: ‘உன் மருத்துவச் சான்றிதழில் இருக்கும் எடை வேண்டாம். இப்போது நிறுத்துப் பார்த்து எழுது. ஷூ, உடை, ஹெட்செட்டோடு.’

எடை மேடையில் ஏறி நிற்பதில் பயனில்லை. பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் மின்தராசு இருக்கிறது. மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஷூ மாட்டிக்கொண்டு, பையிலிருந்த ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் என்னைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார்.

“என்ன தம்பி, இரும்பு வெலைக்கு எடுக்கவா, பிளாஸ்டிக் வெலைக்கு எடுக்கவா?”

“சும்மா நிறுத்துப் பாக்கணும்ணே.”

“ஏறு. கழிவு போக மிச்சம் சொல்றேன்.”

ஐம்பத்தெட்டு கிலோ நானூறு கிராம். மருத்துவச் சான்றிதழில் அறுபத்தொன்று. அது ஆறு மாதத்துக்கு முன்னால், விடுதிச் சாப்பாட்டுக்கு முன்னால், அதிகாலை அவரைக்காய்க்கும் பகல் முழுக்க லாரிக்கும் முன்னால். எங்கள் ஹெலிகாப்டரில் தனியாகப் பறக்கிறவன் குறைந்தது அறுபது கிலோ இருக்க வேண்டும். அது கையேட்டிலேயே இருக்கிறது.

“கம்மியா இருக்கா?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணரைக் கிலோ கம்மிண்ணே.”

“ஒண்ணரைக் கிலோ ஒரு எடையா? எங்க கடையில அது தூசி.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் எந்தத் தராசிலும் ஒன்றரைக் கிலோவுக்கு யாரும் வாய் திறப்பதில்லை. அப்பா மார்க்கெட்டில் இறக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்கு, ஈரம், சொத்தை என்று இரண்டு கிலோ கழித்துக்கொண்டுதான் எழுதுவார்கள். அப்பா ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் அறையில் உட்கார்ந்து இரண்டு தாளையும் எழுதினேன். இரண்டிலும் முதல் வரியாகவே என்னை எழுதினேன். அவரோடு பறப்பதில் ஒரு தொந்தரவும் இல்லை. தனியாகப் பறப்பதில் ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு என்று போட்டுப் பவுண்டாக மாற்றிப் பெருக்கினால், டேங்க் நிறைந்து கிளம்பும்போது புள்ளி பின் எல்லையைக் கொஞ்சமாகத் தாண்டி நின்றது. மறுபடி போட்டேன். மறுபடி தாண்டியது. அறுபத்தொன்று போட்டேன். உள்ளே வந்தது. முதுகு வலித்தது. இன்னொரு தாளுக்குக் கோடு போடத் தெம்பில்லை. சான்றிதழில் இருப்பது முத்திரை குத்திய எண்; பொய் இல்லை. திரும்பிப் போவதற்குள் தின்று தேறிவிடலாம். மற்ற தாளிலும் எண்ணை அறுபத்தொன்றாக மாற்றி, இரண்டையும் படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு மனம் லேசாகும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சைக்கிள் கனத்தது.

மறுநாள் பத்து மணிக்கு அழைப்பு. பாய் எனக்காக அரை மணி நேரம் கணினி முன்னால் உட்கார ஒப்புக்கொண்டார். “பரீட்சையா? முடிச்சிட்டு வா தம்பி. நான் சீட்டுப் போடுறேன். பத்தாயிரத்த லட்சமா அடிச்சிட்டேன்னா திட்டக் கூடாது” என்றார். அறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போனைச் செங்கல்லின் மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன்.

பயிற்சியாளர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். டேட்டம் எங்கே இருக்கிறது? அங்கே என்ன இருக்கிறது? காலி எடையில் என்ன சேரும், என்ன சேராது? ஓட்டுகிறவன் சேர மாட்டான் என்றேன். அதை ஏன் இரண்டு முறை விட்டேன் என்று கேட்டார். லாரியைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாவையும் குக்கரையும் சொன்னேன். திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னதில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நல்லது. தனிப் பறப்புத் தாள். ஓட்டுகிறவன் எடை?”

அறுபத்தொன்று என்று சொன்னால் முடிந்துவிடும். அவருக்கு முன்னால் அந்தத் தாள் இருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். என்ன காரணம் என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நேர்மை என்று பெருமை பேச மனமில்லை. பொய்யை அடுத்தடுத்த கேள்விகளுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகத் தெம்பில்லை என்பதுதான் அதற்கு நெருக்கமான காரணம். மூக்கு தூக்கிக்கொண்டு, கம்பியைத் தள்ள இடமில்லாமல் நான் தனியாக மேலே நிற்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை.

“ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு, மேடம். ஷூவோடு.”

“தாளில் அறுபத்தொன்று இருக்கிறது.”

“அது சான்றிதழில் இருப்பது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைத்தான் எழுதினேன்.”

“ஏன்?”

“வெளியே விழுந்தது.”

அவர் திட்டவில்லை. “இப்போது போடு. நான் பார்க்கிறேன்” என்றார். மடியில் தாளை வைத்துப் போட்டேன். ஒரு பெருக்கல் தப்பி, அடித்துவிட்டு மறுபடி போட்டேன். அவர் காத்திருந்தார். மேடையில் ஏதோ வண்டியைப் பாய் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

“பின் எல்லையைத் தாண்டுகிறது மேடம்.”

“பறப்பாயா?”

“மாட்டேன்.”

“என்ன செய்யலாம்?”

“குறைகிற எடையை முன்னால் வைத்துக் கட்டலாம். ஆளில்லாத இருக்கைக்கு அடியில். அதையும் ஒரு வரியாக எழுதி, மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.”

“கையேடு அதை அனுமதிக்கிறது. முதல் தனிப் பறப்புக்கு நான் அனுமதிப்பதில்லை.” தாளில் ஏதோ எழுதினார். “தேர்வில் தேறிவிட்டாய். பட்டியலில் உன் பெயர் கடைசியாக இருக்கும். அதற்குள் பன்னிரண்டு நாள் கிடைக்கும். உன் முறை வரும் அன்று நானே நிறுத்துப் பார்ப்பேன். அறுபது இருந்தால் பறப்பாய்.”

“இல்லாவிட்டால்?”

“இல்லாவிட்டால் என்ன என்று இப்போதுதான் நீ எனக்குச் சொன்னாய்.”

அழைப்பு முடிந்த பிறகும் செத்த நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போனபோது பாய் கேட்டார்: “என்னப்பா, பாஸா பெயிலா?”

“பாஸ்தான் பாய்.”

“பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? இந்தா, உக்காரு. இந்த மெஷினு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது.”

சாயங்காலம் வீட்டில் அம்மா அடுப்படியில் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். பாஸ் என்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எடை பற்றவில்லை என்றதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எட பத்தலைன்னு சொல்ற பள்ளிக்கூடத்த நான் இப்பத்தான் கேள்விப்படுறேன். அறுவத்தொண்ணுன்னே சொல்லியிருக்கலாம்ல? அம்புட்டுத் தூரத்துல இருந்து யாரு வந்து பாக்கப் போறா?”

“பின்னாடி சாஞ்சிரும்மா.”

“எது?”

“நான் உக்காந்து ஓட்டுறது.”

அவள் அடுப்பைக் குறைத்தாள். பிறகு, “பையில ரெண்டு கல்லப் போட்டுக்கிட்டு ஏறேன்” என்றாள்.

சிரிப்பு வந்தது. “அதையும் எழுதணும்மா. எம்புட்டுக் கனம், எந்த இடத்துல வச்சிருக்கேன்னு.”

“கல்லுக்குமா?”

“கல்லுக்கும்தான்.”

“நல்லாப் பிடிச்ச வேல” என்று சொல்லி, அம்மா தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள், அவரைக்காய் வெஞ்சனம் போட்டாள், முட்டை இரண்டு பொரித்து வைத்தாள். நான் போதும் என்று கையை நீட்டி மறைத்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள். பசி இல்லை. தூக்கம்தான் கண்ணை இழுத்தது. ஆனாலும் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, பிசைந்து பிசைந்து, ஒவ்வொரு வாயாக விழுங்கத் தொடங்கினேன்.